சனி இப்போது எந்த வீட்டில்?

கேள்வி, 26 மார்ச் 2025

என் தங்கைக்கு வயது 31. கடக ராசி, செவ்வாய் தோஷமும் இருக்கிறது. ஆறு வருடமாக வரன் தட்டிப்போகிறது. அஷ்டமச் சனி, அதாவது ராசிக்கு எட்டாம் வீட்டில் நிற்கும் சனி, விலகினால் கல்யாணம் கூடிவரும் என்றார்கள். வருகிற 29ஆம் தேதி சனிப்பெயர்ச்சி, அன்றோடு பீடை விட்டது என்கிறார் எங்கள் ஜோதிடர். திருநள்ளாற்றிலோ இந்த வருடம் சனிப்பெயர்ச்சியே கிடையாது, 2026இல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ராசிபலன், ஜாதகம் இதெல்லாம் வருங்காலத்தைச் சொல்லும் என்று நம்பலாமா, கூடாதா? ஒரு வரியில் சொன்னால் போதும்.

27 மார்ச், இரவு

நம்ப வேண்டாம். ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

28 மார்ச்

ஒரு வரியோடு விட மனம் வரவில்லை. உங்கள் ஜோதிடரும் பொய் சொல்லவில்லை, திருநள்ளாறும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு பஞ்சாங்கம். அவர் பார்ப்பது திருக்கணிதம். கோள்களை வானத்தில் அளந்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும் கணக்கு அது. கோயில் பின்பற்றுவது வாக்கியம். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாய்பாடுகளாக, மனப்பாட வாக்கியங்களாகக் கட்டிவைத்த கணக்கு. அது கட்டப்பட்ட காலத்தில் வானத்தோடு நன்றாகவே ஒத்துப்போயிருக்கும். திருத்தாமல் ஓடுகிற கடிகாரம் போல மெல்ல மெல்லப் பின்தங்கிவிட்டது.

சனி விஷயத்தில் இந்தப் பிசகு ஏறக்குறைய ஒரு வருடம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் கூட்டம் அலைமோதியது 2023 டிசம்பர் 20. அதற்கு முந்தைய மகரப் பெயர்ச்சியும் இப்படித்தான், 2020 ஜனவரி 24இல் ஒன்று, டிசம்பர் 27இல் ஒன்று. இடையில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் ஒருவன் கால் முறிந்து கிடந்தால் அது எந்தச் சனியின் கணக்கு?

நாளை மறுநாள் முதல் உங்கள் தங்கைக்குத் திருக்கணிதப்படி அஷ்டமச் சனி இல்லை, வாக்கியப்படி உண்டு. ஒரே பெண், ஒரே சனி.

28 மார்ச், பிற்பகல்

இன்னொன்று. ஏழரைச் சனி மூன்று ராசிக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் நடக்கும். சனி இருக்கும் ராசி, அதற்கு முன்னது, பின்னது. பன்னிரண்டில் மூன்று. ஆக எந்த நாளில் எடுத்தாலும் ஊரில் கால் பங்குப் பேருக்கு ஏழரை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "கொஞ்ச நாளாக உங்களுக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள். சனி இல்லாவிட்டாலும் தலையாட்டுவார்.

30 மார்ச்

திருத்தம். கால் பங்கு என்று எழுதியது என் அவசரம். அஷ்டமச் சனியை விட்டுவிட்டேன், அது ஒரு ராசிக்கு. ஏழில் சனி நின்றால் கண்டகச் சனி, இன்னொரு ராசி. நான்கில் நின்றால் அர்த்தாஷ்டமச் சனி, அது மற்றொன்று. மொத்தம் ஆறு ராசி. ஊரில் சரிபாதிப் பேருக்கு எப்போதும் சனி உபத்திரவம். இரண்டு பஞ்சாங்கத்தையும் சேர்த்துக் கூட்டினால் இப்போது பத்து ராசிக்காரர்கள் பயப்படலாம். எண்ணிப் பார்த்தேன். மேஷம், கடகம், சிம்மம், கன்னி, விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம். ஒன்பதுதான் வருகிறது. பத்து என்றது தவறு. ரிஷபம், மிதுனம், துலாம் மூன்றுக்கும் எந்தக் கணக்கிலும் விடுதலை, அவர்கள் தயவுசெய்து அலட்டிக்கொள்ள வேண்டாம்.

6 ஏப்ரல்

"நீங்கள் ராசிபலன் படித்ததே இல்லையா?" என்று ஒருவர் காரமாகக் கேட்டிருக்கிறார். படித்திருக்கிறேன், சம்பளத்துக்கு. வார இதழ் ஒன்றில் பதினான்கு வருடம் பிழைதிருத்துநராக இருந்தேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஜோதிடரின் கையெழுத்துப் பிரதி வரும், முழுநீளத் தாளில் பச்சை மையில். ஒற்றுப்பிழை நிறைய இருக்கும். அதைத் திருத்தித் திருத்தி அவருடைய இலக்கணம் எனக்கு மனப்பாடம். உறுதியாகச் சொல்லும் வினைமுற்றே வராது. "வந்து சேரும்" என்று எழுத மாட்டார். "வரக்கூடும்", "எதிர்பார்க்கலாம்", "வாய்ப்புண்டு", "நிதானம் தேவை". வாகனத்தில் செல்லும்போது கவனம் தேவை என்பதை யார் பொய்யாக்க முடியும்? எந்த வாரம் அது தேவையில்லாமல் இருந்தது?

ஒரு வாரம் பக்கம் கட்டும்போது கன்னியும் துலாமும் இடம் மாறிவிட்டன. தலைப்பு அங்கேயே இருக்க, பத்திகள் மட்டும் மாறின. என் கண்ணில் படவில்லை, அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது. ஆசிரியர் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு கடிதம் வரவில்லை. அதே இதழில் குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு கட்டம் தவறு. முப்பத்திரண்டு கடிதம் வந்தது, அதில் ஒன்று பதிவுத் தபால்.

6 ஏப்ரல், இரவு

மேலே எழுதியதைப் படித்தால் ஜோதிடரை ஏமாற்றுக்காரர் என்பது போல இருக்கிறது. அப்படியில்லை. அவர் தம் மகள் கல்யாணத்தையே நாள் பார்த்து ஆறு மாதம் தள்ளிவைத்தவர். நம்பித்தான் எழுதினார்.

படிக்கிறவர்களும் முட்டாள்கள் அல்லர். 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஒவ்வொருவருக்கும் "இது உங்களுக்கென்றே எழுதியது" என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள், பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். கன்னிக்காரர்கள் துலாமைப் படித்துவிட்டு ஏன் கடிதம் போடவில்லை என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி. பன்னிரண்டாக வகுத்தால் ராசிக்கு 60 லட்சம் பேர். "இன்று எதிர்பாராத பணவரவு" என்றால் 60 லட்சம் பேருக்கு யாரோ பணம் தர வேண்டும்.

14 ஏப்ரல்

விசுவாவசு வருடப் பிறப்பு. கோயிலில் பஞ்சாங்கம் படித்தார்கள், போய்க் கேட்டேன். வேப்பம்பூப் பச்சடியும் சாப்பிட்டேன். நம்பாதவன் எதற்குப் போனாய் என்று கேட்காதீர்கள். அந்தக் குரலுக்காகப் போனேன்.

இன்று சூரியன் மேஷத்தில் நுழைகிறது என்கிறோம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் இது நிகழ வேண்டும் என்பதுதான் ஆதிக் கணக்கு. அந்தச் சமநாள் போன மாதம் 20ஆம் தேதியே கடந்துவிட்டது. பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலைசுற்றுவதால் இந்த விலகல், 72 வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை. இப்போது 24 பாகை சேர்ந்துவிட்டது. அயனாம்சம் என்று பஞ்சாங்கத்தில் போடுவது இதைத்தான். மேற்கத்தியர்கள் சமநாளையே மேஷத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள், நாம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம். அதனால் ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தால் உங்கள் ராசி ஒன்று, தமிழ்ப் பத்திரிகையில் மற்றொன்று. அவர்கள் பார்ப்பது சூரியன் நின்ற ராசி, நாம் பார்ப்பது சந்திரன் நின்ற ராசி என்பது அதற்கு மேலும் ஒரு குழப்பம். இந்தப் பஞ்சாங்கக் குழப்பத்தைச் சீர்செய்ய இயற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து 1955இல் அறிக்கை கொடுத்தது, 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டியும் வந்தது. ரேடியோவில் சக வருடம் சொல்வார்கள். அதைப் பார்த்து யாரும் தாலி கட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

22 ஏப்ரல்

சரி, பத்திரிகை ராசிபலன் குப்பை, தனிப்பட்ட ஜாதகம் அப்படியில்லை, பிறந்த நேரம் துல்லியமாக இருந்தால் பலன் துல்லியமாக இருக்கும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துல்லியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

என் ஜாதக நோட்டு இதோ மேசையில் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள், இப்போது பழுப்பாகிவிட்டது. மேலே "ஜனனீ ஜன்ம சௌக்யானாம்" சுலோகம். கீழே இரண்டு கட்டம், ராசியும் நவாம்சமும். பிறகு "கர்ப்பச்செல் நீக்கி இருப்பு" என்று தொடங்கி, பிறக்கும்போது நடந்த தசையில் மிச்சம் எவ்வளவு என்று வருடம், மாதம், நாள் கணக்கு. நாள் வரைக்கும்! இத்தனை துல்லியத்துக்கும் அடிப்படையான பிறந்த நேரம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1956 கார்த்திகை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கடிகாரம் இல்லை. "டூரிங் டாக்கீஸில் இரண்டாம் ஆட்டம் விட்ட நேரம்" என்று பாட்டி சொன்னாள். ஜோசியர் அதை ஒரு மணி என்று எடுத்துக்கொண்டு, அந்நேரம் கிழக்கே உதயமாகும் ராசி சிம்மம், ஆக சிம்ம லக்னம் என்று கட்டம் போட்டார். செவ்வாய் மீனத்தில், அதாவது லக்னத்திலிருந்து எட்டில். எட்டில் செவ்வாய் என்றால் தோஷம்.

சிம்ம லக்னத்துக்கு அரசாங்க அதிகாரம் என்று எழுதியிருக்கிறார். நான் அதிகாரம் செலுத்தியது சந்திப்பிழைகள் மீது.

அந்தத் தோஷத்துக்காகவே, தோஷமுள்ள பெண்ணாகத் தேடி எனக்குக் கட்டிவைத்தார்கள். இரண்டு தோஷமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது சாத்திரம். 42 வருடம் ஆகிறது.

23 ஏப்ரல்

நேற்று எழுதியது சரிதானா என்று சந்தேகம் வந்து அத்தைக்குப் போன் செய்தேன். 88 வயது, காது மந்தம், நினைவு கத்தி போல. அப்படியே தருகிறேன்.

"இரண்டாம் ஆட்டம் விட்ட நேரமா? யார் சொன்னது?"

"பாட்டி சொன்னதாக அப்பா சொன்னார், அத்தை."

"உன் பாட்டி அறைக்குள்ளே இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்? வெந்நீர் தூக்கியது நான். இடைவேளையே விடவில்லையப்பா. நீ அழுத பிறகுதான் சோடாக்காரன் புட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டது."

இடைவேளைக்கு முன் என்றால் பதினொன்று, பதினொன்றேகால். அன்றைக்குச் சிம்மம் உதயமாவது பதினொன்றரைக்குப் பிறகு. ஆக நான் கடக லக்னம். செவ்வாய் ஒன்பதாம் இடத்துக்குப் போய்விட்டது. ஒன்பதில் தோஷம் கிடையாது.

மனைவியிடம் சொன்னேன், எனக்குத் தோஷமே இல்லையாம், சோடாப் புட்டி சாட்சி என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்கு இருந்தது நிஜம்தானே? தோஷமில்லாத உங்களைக் கட்டியும் நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள்" என்றாள். ஜோதிடத்துக்கு எதிராக இதைவிடச் சுருக்கமான வாதத்தை நான் கேட்டதில்லை.

2 மே

மதிப்புக்குரிய வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முறையாக ஜோதிடம் கற்றவர், நான் பாதி தெரிந்துகொண்டு பேசுவதாகக் கடிந்து எழுதியிருக்கிறார். நியாயம். அவர் சொல்வது இது. சிம்ம லக்னமே ஆனாலும் எனக்குத் தோஷம் இருந்ததில்லை. எட்டாம் இடம் தனுசாகவோ மீனமாகவோ இருந்தால் தோஷ விலக்கு. தவிர, கடக, சிம்ம லக்னங்களுக்குச் செவ்வாய் யோககாரகன், நன்மை தருபவன், அவன் தோஷம் செய்ய மாட்டான். என் ஜாதகத்தை எழுதியவர் அரைகுறை என்கிறார்.

பழைய பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. இரண்டாமிடம் மிதுனம் கன்னி, நான்கு மேஷம் விருச்சிகம், ஏழு கடகம் மகரம், எட்டு தனுசு மீனம், பன்னிரண்டு ரிஷபம் துலாம் ஆனால் தோஷமில்லை. சிம்மத்திலும் கும்பத்திலும் செவ்வாய் எங்கே இருந்தாலும் தோஷமில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லக்னம் 12, செவ்வாய் நிற்கும் ராசி 12, ஆக 144 அமைப்பு. 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களும் தோஷம் என்றால் 60 அமைப்பு, நூற்றுக்கு 42 பேர். விலக்குகளைக் கழித்தால் 40. கடக, சிம்ம லக்னங்களையும் விட்டால் 37, நூற்றுக்கு 26 பேர். அதோடு நிற்கவில்லை. சிலர் லக்னத்தோடு சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவார்கள். விலக்கில்லாமல் அப்படி எண்ணினால் நூற்றுக்கு 80 பேரிடம் ஏதோ ஒரு வழியில் தோஷம் பிடித்துவிடலாம்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் தங்கைக்குத் தோஷம் என்று சொன்னவர் எந்த இடத்திலிருந்து எண்ணினார், எந்த விலக்கைப் பார்த்தார்? இதைக் கேளுங்கள். நம்பாதவன் சொல்கிறேன், நம்புகிறவர்களிடம் அவர்களுடைய விதியைக் கொண்டே பேசுவதுதான் சீக்கிரம் கல்யாணத்தில் முடியும்.

3 மே

அதைச் சொன்னது சரியா என்று இரவெல்லாம் யோசனை. விலக்கைக் காட்டித் தப்பித்தால், விலக்கில்லாத பெண்ணின் கதி? அவளுக்கு மட்டும் அது மெய்யாகிவிடுமா? பதில் இல்லாமல் விடுகிறேன்.

5 மே

அத்தையிடம் மறுபடி பேசினேன், ஜாதகத்துக்காக இல்லை, சும்மா. பேச்சு 1962க்குப் போனது. அந்தப் பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடின, அஷ்டகிரகச் சேர்க்கை. உலகம் அழியப்போகிறது என்று நாடெங்கும் யாகம், பஜனை. எங்கள் ஊரில் ஒருவர் வாங்கிய கடனைத் திருப்ப வேண்டாம் என்று நினைத்து ஆட்டை அடித்து விருந்து வைத்தாராம். ஆறாம் தேதி காலையில் கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அப்போது ஐந்து வயது. நினைவிருப்பது கோயிலில் மூன்று நாள் தொடர்ந்து கிடைத்த சர்க்கரைப் பொங்கல் ஒன்றுதான்.

21 மே

நேற்று புனேயில் ஜயந்த் நார்லிகர் காலமானார். வானியலாளர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். இந்தப் பேச்சுக்கு வேண்டிய ஒன்றை அவர் செய்திருக்கிறார். அவரும், பின்னர் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்ட மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கரும், வேறு சிலரும் சேர்ந்து மகாராஷ்டிரத்தில் 200 குழந்தைகளின் பிறந்த விவரத்தைச் சேகரித்தார்கள். நூறு பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள், நூறு பேர் மூளை வளர்ச்சி குன்றியவர்கள். ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்த வகை என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர். சரியாக இருந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் ஐம்பது கிடைத்திருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது கேள்வியின் எளிமை. நாளை என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைத்தான், அதுவும் ஒரு வாழ்க்கையின் மிகப் பெரிய உண்மையைத்தான் கேட்டார்கள். அது கட்டத்தில் தெரியவில்லை என்றால், வியாழக்கிழமை பணம் வருமா என்பது எப்படித் தெரியும்?

தமிழாசிரியர் உடனே எழுதுவார், பிறந்த நேரம் தவறாக இருந்திருக்கும் என்று. இருக்கலாம். என்னுடையதும் தவறுதான். அப்படியானால் எவருடைய நேரம் சரி?

25 மே

மேற்கத்தியக் கணக்கில் சனி இன்று மேஷத்துக்குப் போய்விட்டதாம். திருக்கணிதத்தில் மீனம். வாக்கியத்தில் கும்பம். வளையம் போட்ட அந்த ஒரு கிரகம் ஒரே சமயத்தில் மூன்று வீட்டில் குடியிருக்கிறது. விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். வெள்ளியின் பிரகாசம் கண்ணைப் பறித்தது, சனி மங்கலாக மேலே இருந்தது. கீழே பால்காரர் மணியடித்தார், இறங்கிவிட்டேன்.

1 ஜூன்

சொல்லாமல் விட்ட ஒன்று. இத்தனை பேசுகிற நான் ஒருமுறை ஜாதகத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன். மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா பெண் பார்க்க வந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார், இது சொந்த வீடா என்று. எனக்குப் பிடிக்கவில்லை. தரகரிடம் "ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவே இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் முடிந்தது. பிறகு ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது அந்த மனிதர் என்னோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

உங்கள் தங்கைக்கு வந்த "தோஷம், வேண்டாம்" என்ற பதில்களில் எத்தனை இப்படிப்பட்டவையோ. வருத்தப்படுவதா ஆறுதல் கொள்வதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

9 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எண்ணிய இடத்தைக் கேட்டாராம். ஜோதிடர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான்காமிடம் விருச்சிகம், தோஷமில்லை, முன்பு பார்த்தவர் கவனிக்கவில்லை என்றாராம். முன்பு பார்த்தவரும் இவர்தானாம். அம்மா இப்போது சாப்பிடுகிறார். தங்கை மட்டும் ஆறு வருடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாளாம்.

17 ஜூன்

ஒரு வாரம் எழுதவில்லை. மகளுக்குப் பிரசவம், இரண்டாவது, பெண். பிரசவ அறைக்கு வெளியே நின்றிருந்தேன். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் என்னையறியாமல் செல்போனைப் பார்த்தேன், 6.11. நடைக்கூடத்துக் கடிகாரத்தில் 6.20. செவிலியர் பதிவேட்டில் 6.15 என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், நேரம் குறித்தீர்களா என்று. குறித்தேன் என்றேன். "எது?" என்றாள். மூன்றையும் சொன்னேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் மூன்றையும் வரிசையாக எழுதி, மடித்து, என் பழைய நோட்டுக்குள் வைத்துவிட்டாள்.